இவருக்குப் பதில் இவர்: ராக் பேண்டிலும் சயின்ஸ் ஃபிக்ஷன் தொடரிலும் ஆள் மாறினால் ரசிகர்கள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்?

மெகா சீரியல் ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். ஒரு நாள் டைட்டில் பாட்டு முடிந்ததும் திரையில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும்: 'இவருக்குப் பதில் இவர்'. அம்மா முகம் சுளிப்பார். "இவளா? அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லா இருந்தா" என்பார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பழைய நடிகையின் பெயரே அவருக்கு நினைவிருக்காது.

அம்மாவுக்கு இரண்டு வாரம் போதும். உங்களுக்கும் உங்கள் ரூம்மேட்டுக்கும் ஏன் பல வருஷம் ஆகியும் போதவில்லை?

ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில், சாடே ரோடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. ஹெப்பாள் பக்கம் வேலைக்குப் போகும் மூன்று தமிழ்ப் பசங்க வாடகைக்கு இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை. புளூடூத் ஸ்பீக்கரில் லிங்கின் பார்க்கின் 'தி எம்ப்டினெஸ் மெஷின்' ஓடுகிறது. "செஸ்டர் இல்லாம இதை லிங்கின் பார்க்னு சொல்லாதே" என்கிறார் ஒருவர். "அப்போ டாக்டர் ஹூவுல மட்டும் பத்துப் பதினைஞ்சு பேர் மாறினாலும் உட்கார்ந்து பார்க்கிறியே, அது எப்படி?" என்கிறார் இரண்டாமவர். மூன்றாமவர் "டீ சொல்லிட்டு வரேன்" என்று இறங்கிவிடுகிறார். புத்திசாலி.

இரண்டாமவர் கேட்டது நல்ல கேள்வி. ஒரே ஆள் ஒரு இடத்தில் மாற்றத்தைக் கொண்டாடுகிறார், இன்னொரு இடத்தில் துரோகம் என்கிறார். வெறும் மூட் என்று தள்ளிவிட முடியாது. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

டாக்டர் ஹூ அப்படி என்னதான் செய்தது?

பிபிசி-யில் 'டாக்டர் ஹூ' தொடங்கியது 1963 நவம்பர் 23. நாயகன் ஒரு வேற்றுக்கிரகவாசி, காலத்திலும் வெளியிலும் பயணிப்பவர். முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு மூன்றாண்டுகளில் உடல்நிலை மோசமானது. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மனமில்லை. ஓசைப்படாமல் வேறு ஆளைப் போடவும் முடியாது, குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் கதையையே வளைத்தார்கள். 1966 அக்டோபர் 29 அன்று வந்த எபிசோடின் கடைசியில் டாக்டர் தரையில் விழுகிறார், ஒளி பரவுகிறது, அங்கே பேட்ரிக் ட்ரவ்டனின் முகம் இருக்கிறது. இந்த இனத்தவர் சாகும் தறுவாயில் உடலை மாற்றிக்கொள்வார்கள் என்பதுதான் விளக்கம். 'ரீஜெனரேஷன்' என்ற சொல் தொடருக்குள் வந்ததே 1974-இல். முதலில் ஒட்டு போட்டார்கள், எட்டு வருஷம் கழித்து அதற்குப் பெயர் வைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

அந்த ஒட்டின் விளைவு பெரியது. அதற்குப் பிறகு இந்தத் தொடரைப் பார்க்க உட்காரும் எவருக்கும், இவர் ஒரு நாள் போய்விடுவார் என்று முதலிலேயே தெரியும். ஆள் மாறுவது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 'என் டாக்டர் டேவிட் டென்னன்ட்', 'என் டாக்டர் மேட் ஸ்மித்' என்று ரசிகர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அடுத்தவரின் டாக்டர் போலி என்று சொல்வது அபூர்வம்.

ராக் பேண்டுக்கு இந்த வசதி கிடையாது. பாடகர் இறந்தால் ஒளி பரவாது. மேடையில் ஒரு மைக் ஸ்டாண்ட் காலியாக நிற்கும், அவ்வளவுதான்.

கதை சொல்ல முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்?

புதுப் பாட்டு போடுகிறார்கள். ஏசி/டிசி இதற்குப் பழைய உதாரணம். பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், பிரையன் ஜான்சன் என்ற புதுக் குரலோடு 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று. ஜான்சன் பான் ஸ்காட்டின் நகலாக இருக்க முயலவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் தன் பாணியிலேயே பாடினார். பழைய பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருந்தால் 'அஞ்சலிக் கச்சேரி' என்று இரண்டு வருஷத்தில் முடிந்திருக்கும்.

அயர்ன் மெய்டன் கதை இன்னும் சிக்கல். புரூஸ் டிக்கின்சன் வெளியேறிய பிறகு 1994 முதல் 1999 வரை பிளேஸ் பேய்லி பாடினார். 'தி எக்ஸ் ஃபேக்டர்', 'வர்ச்சுவல் லெவன்' என இரண்டு ஆல்பம். ரசிகர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. டிக்கின்சனின் குரலுக்காக எழுதிய பழைய பாட்டுகளை, வேறு வகைக் குரல் கொண்ட ஒருவர் ஒவ்வொரு இரவும் பாட வேண்டியிருந்தது. எட்டாத ஸ்வரத்துக்கு அவரைத் திட்டினார்கள். அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்களை அவ்வளவாகத் திட்டவில்லை. பின்னால் டிக்கின்சன் திரும்பி வந்தார். அந்தக் காலத்துப் பாட்டுகளான 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் டிக்கின்சனே பல வருஷம் கழித்து மேடையில் பாட, கூட்டம் கூடவே பாடியது. பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

குவீன் வேறு வழி எடுத்தது. ஃப்ரெடி மெர்குரி (நம்ம மகாராஷ்டிரா பஞ்ச்கனியில் படித்தவர்) 1991 நவம்பரில் இறந்தார். இன்று மேடையேறுவது 'குவீன்' இல்லை, 'குவீன் + ஆடம் லாம்பர்ட்'. அந்தக் கூட்டல் குறி கெட்டிக்காரத்தனமானது. 'இவருக்குப் பதில் இவர்' என்று சொல்லாமல் 'அவர்களோடு இவர்' என்கிறது. ரசிகர்களின் கோபத்தில் பாதி அதிலேயே கரைந்துபோகிறது. ஆனால் பெரிதாகப் புதுப் பாட்டும் வரவில்லை. அந்த அளவில் அது ஒரு அருமையான அஞ்சலிக் கச்சேரி என்பதுதான் என் அபிப்பிராயம்.

நாம் 'அசல்' என்று நினைப்பவர் உண்மையில் அசலா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். லிங்கின் பார்க்கின் முதல் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இல்லை. பேண்டின் பெயர் 'ஸீரோ' என்று இருந்த காலத்தில் மார்க் வேக்ஃபீல்ட் பாடிக்கொண்டிருந்தார். அவர் விலகிய பிறகு 1999-இல் வந்தவர்தான் செஸ்டர். அடுத்த ஆண்டு 'ஹைப்ரிட் தியரி' வந்தது, மற்றது உங்களுக்கே தெரியும்.

அயர்ன் மெய்டனின் முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. புரூஸ் டிக்கின்சன் 1981-இல் வந்த மாற்று ஆள். ஸ்டார் ட்ரெக்கில் எண்டர்பிரைஸ் கப்பலின் முதல் கேப்டன் கிர்க் இல்லை. முதல் பைலட் எபிசோடில் ஜெஃப்ரி ஹன்டர் நடித்த கேப்டன் பைக். அதை சேனல் ஏற்காததால், இரண்டாவது பைலட்டில் வில்லியம் ஷாட்னர் கிர்க்காக வந்தார்.

ஆக, நாம் யாரை முதலில் சந்தித்தோமோ அவர்தான் நமக்கு அசல். பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாம் வருஷத்தில் நண்பன் பென் டிரைவில் கொடுத்த குரல், அந்த வயதின் குரலாகவே தங்கிவிடுகிறது. புதியவர் வந்து பாடும்போது 'இது நல்லா இல்லை' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இசை விமர்சனம். மீதி, 'அந்த வருஷம் போயிடுச்சு' என்கிற வருத்தம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம். ஆனால் திட்டு வாங்குவது புதிதாக வந்த ஆள்.

லிங்கின் பார்க்கில் நடந்தது

செஸ்டர் 2017 ஜூலை 20 அன்று தற்கொலை செய்துகொண்டார். உலகம் முழுக்க ரசிகர்களுக்கு அது தனிப்பட்ட இழப்பு. காரணம் எளிமையானது. அவர் பாடியதே மன வலியைப் பற்றித்தான். 'இந்த ஆள் நம்ம நிலைமையைப் புரிஞ்சவர்' என்று நம்பித்தான் பலர் அந்த வயதைத் தாண்டினார்கள். அவரே தாண்டவில்லை என்ற செய்தி வேறு மாதிரி இடித்தது.

ஏழு ஆண்டு மௌனம். 2024 செப்டம்பர் 5 அன்று 'டெட் சாரா' பேண்டின் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் புதிய பாடகி என்று அறிவித்தார்கள். டிரம்ஸில் ராப் போர்டனுக்குப் பதில் காலின் பிரிட்டன். நவம்பர் 15 அன்று 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பம். அந்தப் பெயரில் பழைய 'ஸீரோ'வும் இருக்கிறது, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதும் இருக்கிறது.

எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பில் மூன்று வகை கலந்திருந்தது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விவகாரம் புரியும். முதல் வகை துக்கம். பேண்ட் தொடரட்டும், ஆனால் அந்தப் பெயர் வேண்டாம் என்பது. இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, எமிலியைப் பற்றிய கேள்வி. பாலியல் வன்முறை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு ஆதரவாக அவர் முன்பு ஒரு விசாரணைக்குப் போயிருந்தார். அந்த மனிதரைத் தவறாக மதிப்பிட்டுவிட்டதாகவும் அதன் பிறகு அவரோடு பேசவில்லை என்றும் எமிலி விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் போதுமா என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

மூன்றாவது வகை, 'ஒரு பொண்ணு எப்படி இந்தப் பாட்டைப் பாடலாம்' என்பது. இது துக்கத்தின் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு வரும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே இடத்தில் ஒரு ஆண் வந்திருந்தால் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்போமா என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு விசித்திரமான தற்செயல். செஸ்டர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, 2017 ஜூலை 16 அன்றுதான், டாக்டர் ஹூவின் அடுத்த டாக்டர் ஜோடி விட்டேக்கர் என்று பிபிசி அறிவித்தது. அந்த வேடத்துக்கு முதல் பெண். நான் மேலே 'ஆள் மாறுவது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது' என்று எழுதினேன் இல்லையா? அந்த ஒப்பந்தமே அன்றைக்கு ஆட்டம் கண்டது. முகம் மாறலாம், வயது மாறலாம், உயிரே போய் வரலாம், பெண்ணாக மட்டும் மாறக்கூடாது என்று சொல்லும் ஒரு கூட்டம் கிளம்பியது. ஐம்பது வருஷமாக உடல் மாற்றிக்கொண்டிருக்கும் வேற்றுக்கிரகவாசி விஷயத்தில்! விட்டேக்கரின் சீசன்களில் கதை வசனம் பல இடங்களில் தொய்வாக இருந்தது உண்மை. ஆனால் அதை எழுதியது அவர் இல்லை.

ஸ்டார்பக்கும் ஒரு டிலன் பாட்டும்

சயின்ஸ் ஃபிக்ஷன் பாத்திரமும் ராக் இசையும் ஒன்றாக மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. பார்க்காதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடுங்கள், கதையின் முடிச்சு உடைகிறது.

1978-இல் வந்த பழைய தொடரில் ஸ்டார்பக் என்பவன் சுருட்டும் சீட்டாட்டமும் பெண்களுமாகத் திரியும் விமானி. நடித்தவர் டர்க் பெனடிக்ட். 2003-இல் கதையைப் புதிதாக எடுத்தபோது ஸ்டார்பக் பெண்ணானாள், நடித்தவர் கேட்டி சாக்காஃப். அதே சுருட்டு, அதே சீட்டாட்டம், அதே திமிர். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். டர்க் பெனடிக்டே எதிர்த்துக் கட்டுரை எழுதினார். ஆனால் ஓரிரு சீசனுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. புதிய ஸ்டார்பக்கின் குடியும் கோபமும் எங்கிருந்து வருகின்றன என்று தொடர் காட்டியது. பழையவனுக்கு இல்லாத ஒரு உள்வாழ்க்கை இவளுக்கு இருந்தது. இன்று 'ஸ்டார்பக்' என்றால் பெரும்பாலானோர் மனதில் வருவது சாக்காஃபின் முகம்.

இந்தத் தொடரின் டைட்டில் இசையில் காயத்ரி மந்திரம் ஒலிக்கும். முதல் தடவை கேட்ட நம் ஆட்கள் எல்லோருமே ரீவைண்ட் செய்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது பாட்டு. மனிதர்கள் உருவாக்கிய இயந்திரங்கள் மனிதர்களை அழிக்கத் துரத்துகின்றன. அந்த இயந்திரங்களில் சில, பார்க்க மனிதர்களைப் போலவே இருக்கும். 2007 மார்ச் 25 அன்று வந்த மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில், கப்பலில் நான்கு பேருக்கு மட்டும் ஒரு பாட்டு காதில் கேட்கிறது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை. அந்த மெட்டைத் துரத்திக்கொண்டு நால்வரும் ஒரே அறைக்கு வந்து சேர்கிறார்கள், தாங்களே இயந்திரங்கள் என்று உணர்கிறார்கள். அந்தப் பாட்டு பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. இசையமைப்பாளர் பேர் மெக்ரீரி அதை எலெக்ட்ரிக் சிதார் ஒலியோடு புதிதாக அமைத்திருந்தார்.

எத்தனையோ பாட்டு இருக்க இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? டிலன் இதை 1967-இல் அடக்கமாகப் பாடினார். அடுத்த வருஷம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிதாரால் அதை எரித்தார். பெரும்பாலான ராக் ரசிகர்களுக்கு ஹெண்ட்ரிக்ஸுடையதுதான் அசல். பின்னாளில் டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் வழியில் பாடத் தொடங்கினார். எழுதியவரே நகலிடம் போய்ச் சேர்ந்த பாட்டு அது. தாங்கள் அசல் மனிதர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த நால்வருக்கு வேறு எந்தப் பாட்டைக் கேட்கவைப்பது?

அந்த நால்வரில் ஒருவர் கர்னல் டை. இயந்திரங்களை வாழ்நாள் முழுக்க வெறுத்த கிழட்டு ராணுவ அதிகாரி. உண்மை தெரிந்த அடுத்த நிமிடம், இதுவரை யாராக இருந்தேனோ அவனாகவே இருப்பேன் என்று முடிவெடுத்து வேலைக்குத் திரும்புகிறார். அந்தத் தொடரின் ரசிகர்களிடம் பிடித்த பாத்திரம் கேட்டால் டை பெயர் சொல்லும் ஆட்கள் நிறைய. காரணம் இந்தக் காட்சிதான்.

ஆள் இல்லை, பாட்டே மாறினால்?

அதுவும் நடந்திருக்கிறது. ஸ்டார் ட்ரெக் என்றால் டைட்டிலில் ஆர்கெஸ்ட்ரா இசை. 2001-இல் வந்த 'எண்டர்பிரைஸ்' தொடரில் அதைத் தூக்கிவிட்டு ரஸ்ஸல் வாட்சன் பாடிய ஒரு ராக் பாலட் போட்டார்கள். அது புதுப் பாட்டும் இல்லை, 1998-இல் 'பேட்ச் ஆடம்ஸ்' படத்துக்காக ராட் ஸ்டூவர்ட் பாடியது. ரசிகர்கள் பெட்டிஷன் போட்டார்கள், ஸ்டூடியோ வாசலில் போய் நின்றார்கள். மூன்றாவது சீசனில் பாட்டைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்கள். மாற்றவில்லை. வேகப்படுத்தியது இன்னும் மோசம் என்பவர்களும் உண்டு. நானும் ஸ்கிப் பட்டனை அழுத்துகிறவன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

நம்ம பக்கம்

இந்தியக் குழந்தைகளுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' நினைவிருக்கிறதா? நிருபர் கீதா விஸ்வாஸாக முதலில் வந்தவர் கிட்டு கித்வானி. பிறகு வைஷ்ணவி மஹந்த். டாக்டர் ஹூ பாணி விளக்கம் எதுவும் இல்லை. நாமும் கேட்கவில்லை. ஆனால் சக்திமானே மாறினால்? புதுப் படத்தில் ரன்வீர் சிங் நடிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 2024-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தவர் அந்த வேடத்தை வாழ்ந்த முகேஷ் கன்னா. டர்க் பெனடிக்டின் அதே வலி, வேறு ஊரில்.

இசையில் 'இந்தியன் ஓஷன்' நல்ல உதாரணம். பாடகரும் தாள வாத்தியக்காரருமான அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று இறந்தார். அவர் ஒருவரின் வேலைக்கு இரண்டு பேரை, ஹிமான்ஷு ஜோஷியையும் துஹீன் சக்ரவர்த்தியையும், சேர்த்துக்கொண்டு பேண்ட் தொடர்ந்தது. 2013-இல் நிறுவனர்களில் ஒருவரான கிதாரிஸ்ட் சுஷ்மித் சென்னும் விலகினார், நிகில் ராவ் வந்தார். பழைய 'கந்தீஸா' காலத்து ரசிகர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். ஆனாலும் கச்சேரிக்குப் போவார்.

மைசூர்க்காரர் ரகு தீட்சித் இந்தச் சிக்கலையே முன்கூட்டித் தவிர்த்தார். 'அந்தராக்னி' என்ற முதல் பேண்டுக்குப் பிறகு அவர் தொடங்கியதற்கு 'தி ரகு தீட்சித் பிராஜெக்ட்' என்று பெயர். இசைக்கலைஞர்கள் வரலாம், போகலாம், திறந்த வீடு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். டாக்டர் ஹூவின் ஒப்பந்தம் மாதிரிதான். ஆனால் முகமும் குரலும் அவருடையது என்பதால், இந்தத் திறந்த வீட்டில் வீட்டுக்காரர் மட்டும் மாற மாட்டார்.

தமிழுக்கு வந்தால் ஜீனோ. பெங்களூரு பிஇஎல்-லில் எஞ்சினியராக இருந்த சுஜாதா, எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வின் ரோபோ நாய். நிலா, ரவி, மனோ என்று மனிதப் பாத்திரங்கள் இருக்க, வாசகர்கள் மனதைக் கொடுத்தது புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும் அந்த நாய்க்குட்டிக்கு. பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. படித்தவர்களுக்கு அதில் ஒரு கஷ்டம். ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் ஏற்கெனவே ஒரு ஜீனோ, ஒரு குரலோடு ஓடிக்கொண்டிருந்தது. டிவி காட்டியது எதுவாக இருந்தாலும் அது 'பதில் ஜீனோ'தான். அந்த நாவலில் நாட்டை ஆளும் ஜீவா என்ற சர்வாதிகாரி கடைசியில் வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்று தெரியவரும். பெயரும் முகமும் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

பெயர் நிற்பதும் உள்ளே இருப்பது மாறுவதும் உங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. மண்டி என்றால் நமக்கு வெங்காய மண்டி, அரிசி மண்டி, மொத்த வியாபாரம் நடக்கும் இடம். இன்று மைசூரின் விளைபொருள் மொத்த வியாபாரத்துக்கு நஞ்சன்கூடு சாலையில் பண்டிபாளையா ஏபிஎம்சி இருக்கிறது. ஆட்டோக்காரர் இன்னும் மண்டி மொஹல்லா என்றுதான் இறக்கிவிடுகிறார். ஊர்ப் பெயர் 2014 நவம்பர் 1 முதல் அதிகாரபூர்வமாக 'மைசூரு'. நாம் இன்னும் 'மைசூர் போறேன்' என்கிறோம். யாரும் பெட்டிஷன் போடவில்லை.

திட்டு யார் மேல் விழுகிறது?

லியோனார்ட் நிமாய் 1975-இல் எழுதிய சுயசரிதைக்கு 'ஐ ஆம் நாட் ஸ்பாக்' என்று பெயர் வைத்தார். நடிகனும் பாத்திரமும் ஒன்றல்ல என்று பொறுமையாக விளக்கும் புத்தகம். பல ரசிகர்கள் அட்டையைப் பார்த்தே கோபப்பட்டார்கள், ஸ்பாக்கை இவர் கைகழுவுகிறார் என்று. இருபது வருஷம் கழித்து, 1995-இல், அடுத்த புத்தகத்துக்கு 'ஐ ஆம் ஸ்பாக்' என்று பெயர் வைத்துச் சமாதானமானார். நிமாய் மறைந்தது 2015 பிப்ரவரி 27. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. ஸ்பாக்குக்கும் ஜீனோவுக்கும் ஒரே நினைவு நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிமாய்க்குப் பிறகு சக்கரி குவின்டோ 2009 படத்தில் ஸ்பாக் ஆனார், பிறகு ஈதன் பெக் தொடர்களில். இதில் பெரிய சண்டை வரவில்லை. 2009 படத்தில் வயதான ஸ்பாக்காக நிமாயே வந்து, இளைய ஸ்பாக்கோடு நேருக்கு நேர் நின்று பேசினார். பழைய முகம் புது முகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்ல?

அந்த ஆசீர்வாதம் கிடைக்காதவர்கள் நிலைமைதான் பாவம். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் டாக்ஸ் என்ற உயிரி ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு நினைவுகளோடு மாறும். டெர்ரி ஃபாரல் 1998-இல் விலகியதும், கடைசி ஒரே ஒரு சீசனுக்கு நிக்கோல் டி போயர் அந்த இடத்துக்கு வந்தார். கதையில் காரணம் கச்சிதம். ஆனாலும் ஜாட்ஸியாவைப் பிடித்தவர்கள் எஸ்ரியை மன்னிக்கவில்லை. ஆறு வருஷம் பழகிய தோழியின் நினைவுகளோடு ஒரு புதுப் பெண் வந்து நின்றால், துக்கத்தில் இருப்பவனுக்கு அது ஆறுதலா, வதையா? அந்தக் கேள்வியைத் தொடரே அழகாகக் கையில் எடுத்தது. எஸ்ரியின் எபிசோடுகளை இப்போது திரும்பப் பார்த்தால், அவரைப் பார்க்க முடியாமல் விலகிப்போகும் வோர்ஃபின் முகத்தில் ரசிகர்களின் முகம் தெரிகிறது.

சரி, டிக்கெட் வாங்கலாமா?

கேள்வியை இரண்டாக உடையுங்கள். புதியவருக்காகப் புதிய வேலை நடந்திருக்கிறதா, இல்லை பழைய வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்களா? புதிய வேலை இருந்தால் அதை முதலில் கேளுங்கள். 'ஃப்ரம் ஸீரோ'வை முழுசாக ஒரு தடவை, பழைய ஆல்பம் எதையும் அதற்கு முன்னால் போடாமல். டாக்டர் ஹூ என்றால் விட்டேக்கரின் 'ரோசா' எபிசோட். மெய்டன் என்றால் 'சைன் ஆஃப் தி கிராஸ்', பிளேஸ் பாடியதே. பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். அது உங்கள் காது. பிடிக்காததற்கான காரணத்தைப் பாட்டுக்குள்ளிருந்து சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

செஸ்டர் பாடிய பாட்டை இன்னொரு குரலில் கேட்க மனசு வரவில்லை என்றால், போகாமல் இருப்பதும் சரிதான். அதற்கு எமிலியை மோசமான பாடகி என்று நிரூபிக்கத் தேவையில்லை. 'என்னால முடியலைடா' என்று ரூம்மேட்டிடம் சொன்னால் போதும். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் முதல்முறையாக இந்தியாவில் வாசித்தபோது, இருபது வருஷம் காத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அன்றைக்குப் பாடியது டியானோவும் இல்லை, பிளேஸும் இல்லை. போய்விட்டுத் திரும்பிவந்த டிக்கின்சன்.

போவதென்றால் பெங்களூரு 150 கிலோமீட்டருக்குள்தான். டீ வாங்கப் போன மூன்றாமவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.